லிஃப்ட் மியூசிக் என்று சிரிப்பதற்கு முன்னால்...

மாண்டோவானி என்று சொல்லிப் பாருங்கள். மேற்கத்திய இசை கொஞ்சம் கேட்கிற ஆசாமியாக இருந்தால் உடனே ஒரு நக்கல் சிரிப்பு வரும். "யாரு, அந்த லிஃப்ட் மியூசிக் ஆளா?" ஜாஸ் ரசிகருக்கும் அவர் இளக்காரம், ராக் ரசிகருக்கும் இளக்காரம். பீத்தோவன் ரசிகரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த மூன்று கூட்டமும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்து நிற்கிறது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

நான் பி.காம். மாணவன். இசை இலக்கணம் எல்லாம் நமக்குத் தூரம். ஆனால் ஒரு பேரேட்டைப் பார்த்தால் யாருடைய வரவு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியும். இந்த மனிதரின் கணக்கில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று அவரைத் திட்டுகிறவர்கள் எழுதியது. இன்னொன்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் எழுதியது.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1905-ல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தவர். அப்பாவும் வயலின் கலைஞர். சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. லண்டனில் வயலின் படித்து, ஹோட்டல்களில் வாசித்து, சொந்தக் குழு அமைத்து, 1933-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். அப்புறம் நாடக மேடை. நோயல் கவர்டின் இசை நாடகங்களுக்கு இசைக்குழுவை நடத்தினார். அதாவது 'சார்மெய்ன்' இசைத்தட்டு வந்து அமெரிக்காவே திரும்பிப் பார்த்த 1951-ல் அவருக்கு வயது நாற்பத்தைந்து. ஒரே ராத்திரியில் முளைத்த காளான் இல்லை சார் அவர்.

அதற்கப்புறம் எல்லாம் ஏறுமுகம்தான். 1953-ல் 'மூலான் ரூஜ்' படப் பாட்டை அவருடைய குழு வாசித்த தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடகரே இல்லாத ஒரு வாத்திய இசை அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 1950களின் கடைசியில் ஸ்டீரியோ வந்தபோது, புதுசாக ஸ்டீரியோ பெட்டி வாங்கியவர்கள் அதன் அருமையைக் காட்ட இவருடைய தட்டைத்தான் போட்டார்கள்.

இப்போது முதல் தப்புக்கு வருவோம். லிஃப்டிலும் கடைகளிலும் ஓடவிடும் இசைக்கு என்று அமெரிக்காவில் மியூசாக் என்று ஒரு நிறுவனமே இருந்தது. அது 1934-லேயே ஆரம்பித்தது. 'சார்மெய்ன்' வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னால்! அவர்கள் தங்களுக்கென்று தனியாக இசைக்குழு வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அந்த இசையின் நோக்கமே யாரும் அதைக் கவனிக்கக் கூடாது என்பதுதான். வேலை செய்கிறவர் கை நிற்காமல் ஓடவேண்டும், அவ்வளவே. மாண்டோவானியின் விஷயம் நேர் எதிர். சுமார் நாற்பது பேர் கொண்ட குழுவோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணம் போனார். ஜனங்கள் டிக்கெட் வாங்கி, அரங்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கவனிக்கக் கூடாது என்று செய்த சரக்கும், காசு கொடுத்துக் கவனித்த சரக்கும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே லேபிள் ஒட்டுவது சோம்பேறித்தனம்.

"எளிமையான இசை, இதில் என்ன பெரிய வேலை?" என்று அடுத்த கேள்வி வரும். 'சார்மெய்ன்' தொடக்கத்தில் வயலின்கள் அருவி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழுமே, அது எப்படி வந்தது தெரியுமா? நிறையப் பேர் ஸ்டூடியோவில் எதிரொலி சேர்த்தது என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. வயலின்காரர்களைப் பல பிரிவாகப் பிரித்துவிடுவார்கள். மெட்டு ச, ரி, க, ம என்று போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவு 'ச'வைப் பிடித்து நீட்டும். அது அடங்குவதற்குள் இரண்டாம் பிரிவு 'ரி'யை எடுக்கும். அதன்மேல் மூன்றாம் பிரிவின் 'க' வந்து விழும். யாருமே முழு மெட்டை வாசிப்பதில்லை. ஆனால் கேட்கிற நமக்கு, பெரிய தேவாலயத்துக்குள் சுவர்களில் மோதித் திரும்புகிற மாதிரி முழு மெட்டும் வருகிறது. எதிரொலியையே காகிதத்தில் எழுதி மனிதர்களை வாசிக்கவைத்த வேலை இது. ஒருவர் அரை நொடி பிசகினாலும் அருவி குட்டையாகிவிடும். கேட்க எளிமை என்றால் செய்யவும் எளிமை என்று யார் சொன்னது? இட்லி மெத்தென்று இருக்கிறது என்பதற்காக மாவரைத்தவரைக் கேலி செய்வோமா?

சரி, இந்த யோசனை யாருடையது? இங்கேதான் இரண்டாவது தப்பு.

மாண்டோவானியுடையது இல்லை. அவரோடு 1930களிலிருந்து வேலை பார்த்த ரொனால்ட் பிஞ்ச் என்ற இசை அமைப்பாளருடையது. வாத்தியங்களுக்கு யார் எதை வாசிப்பது என்று பிரித்து எழுதுகிற வேலை அவருக்கு. 'சார்மெய்ன்' மெட்டு 1926-லேயே எர்னோ ராபியும் லூ போலாக்கும் போட்டது. ஆக, மெட்டுப் போட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது, குழுவை நடத்தியவர் பெயர் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தத் தட்டை எதற்காக ஜனங்கள் வாங்கினார்களோ, அந்த ஒலியைக் கண்டுபிடித்தவர் பெயர்? உலகமே அதை 'மாண்டோவானி சவுண்ட்' என்றுதான் சொன்னது. இது மாண்டோவானி என்ற தனி மனிதர் மேல் குற்றச்சாட்டு இல்லை. தொழிலின் வழக்கமே அப்படி. மெட்டு ஒரு சொத்து, குழுவின் பெயர் ஒரு பிராண்ட், நடுவில் இருக்கிற உழைப்புக்கு மட்டும் பேரேட்டில் தலைப்பே கிடையாது.

பிஞ்ச் சாதாரண ஆளும் இல்லை. 'எலிசபெத்தன் செரனேட்' அவர் எழுதியது. பிபிசி வானொலியில் பல பத்தாண்டுகளாக நள்ளிரவுக் கடல் வானிலை அறிக்கைக்கு முன்னால் ஒலிக்கிற 'செய்லிங் பை'யும் அவருடையதுதான். அவர் 1979-லும், மாண்டோவானி 1980-லும் இறந்தார்கள். ஒருவர் பெயர் நக்கலுக்காவது நினைவிருக்கிறது. மற்றவர் பெயர் அதற்குக்கூட இல்லை.

மாண்டோவானியின் எல்லாத் தட்டும் தங்கம் என்று நான் வாதாட வரவில்லை. ஐம்பதுக்கு மேல் ஆல்பம் போட்டவர், விற்ற அச்சையே திரும்பத் திரும்ப வார்த்தார். பத்துப் பாட்டுத் தொடர்ந்து கேட்டால் சர்க்கரைப் பொங்கல் மாதிரி திகட்டும். அதைச் சொல்லுங்கள், நியாயமான விமர்சனம். ஆனால் 'ஜனங்களுக்குப் பிடித்தது, அதனால் மட்டம்' என்பது விமர்சனமே இல்லை. அது தன்னை உசத்திக்கொள்கிற வேலை. அந்த அலட்சியத்துக்கு விலை கொடுப்பது பணமும் புகழும் பார்த்துவிட்ட மாண்டோவானி இல்லை. மேலோட்டமாகச் சிரித்துவிட்டுப் போகிற உலகத்தில், உள்ளே இருக்கும் உழைப்பை யார் செய்தது என்று யாரும் கேட்கவே மாட்டார்கள். பிஞ்ச் மாதிரி ஆட்கள் காணாமல் போவது அப்படித்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'சார்மெய்ன்' ஒரு தடவை கேளுங்கள். எந்த வயலின் எங்கே விட்டது, எது எங்கே பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். பிரிக்க முடிந்தால் தாராளமாகச் சிரியுங்கள். முடியவில்லை என்றால், அடுத்த தடவை மாண்டோவானி என்று சொல்லும்போது கூடவே ரொனால்ட் பிஞ்ச் என்றும் சொல்லுங்கள்.