யாருடைய பயம் பயம்?

புளோரிடாவில் 2005இல் ஒரு சட்டம் வந்தது. உயிருக்கு ஆபத்து என்று 'நியாயமாக' நம்பினால் பின்வாங்க வேண்டாம், நின்ற இடத்திலேயே சுடலாம். தற்காப்பு உரிமை என்கிறது ஒரு பக்கம். கொலை லைசென்ஸ் என்கிறது மறுபக்கம். நான் கேட்பது வேறு: யாருடைய பயத்தைக் கோர்ட்டு பயமென்று ஒத்துக்கொள்கிறது?

2012இல் ஆயுதமில்லாத 17 வயசுக் கறுப்புப் பையன் டிரேவான் மார்ட்டினைச் சுட்டுக்கொன்ற ஜிம்மர்மேன், தற்காப்பென்று சொல்லி 2013இல் விடுதலை. அதே மாநிலத்தில் புருசனுக்குப் பயந்து ஒரு குண்டு சுட்டார் கறுப்புப் பெண் மரிசா அலெக்சாண்டர். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. 2012இல் தீர்ப்பு: 20 வருசம். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2015இல் சிறையைவிட்டு வந்தார்.

சட்டத்தில் நிறம் எங்கே எழுதியிருக்கு என்கிறார்கள். எழுத வேண்டாமய்யா! 'நியாயமாக' என்கிற ஒத்தைச் சொல் போதும். கறுப்பு உடம்பைப் பார்த்து வந்த பயம் நியாயமாச்சு. கறுப்பு உடம்புக்குள்ளே இருந்த பயம் குத்தமாச்சு.