'எரி' என்றால் பயம்

சில வருடங்களுக்கு முன்பு, சிங்க் அடைப்பை நீக்கும் பவுடர் ஒன்றின் உபயோகக் குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தேன். 'காஸ்டிக் சோடா' என்ற இடத்தில் 'எரிசோடா' என்று எழுதினேன். பாடப்புத்தகத்தில் படித்த சொல். அச்சாகி வந்த பாக்கெட்டில் 'காஸ்டிக் சோடா' என்றே இருந்தது. "எரி என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள், சார்" என்றார் விளம்பரப் பிரிவுக்காரர்.

பயப்பட வேண்டிய பொருள்தான். ரசாயனப் பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 109 கிராம் கரைந்துவிடும். அதாவது, தண்ணீரின் எடையைவிட அதிகம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கிட்டத்தட்ட அப்படியே. அதே கார உலோகக் குடும்பத்தில் லித்தியம் ஹைட்ராக்சைடு மட்டும் சுமார் 13 கிராமோடு நின்றுவிடும். லித்தியம் அயனி மிகச் சிறியது. ஹைட்ராக்சைடை இறுகப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு குடும்பம். அதே 100 கிராம் தண்ணீரில் அது கால் கிராம்கூடக் கரையாது. அதற்கே, கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகிறது.

எரிசோடா கரையும்போது சூட்டையும் கிளப்பும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் போட்டால் வெப்பநிலை ஏறக்குறைய 25 டிகிரி உயரும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினாலோ அந்தச் சூடு ஒரே இடத்தில் சேர்ந்து, கொதித்து, முகத்தில் தெறிக்கும். எனவே தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குழாயில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை சோப்பாக மாற்றிக் கரைக்கும் அதே வேலையைத் தோலிலும் காட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, கரைந்தபின் அது தண்ணீர் போலவே இருப்பது. நிறமில்லை. மிச்சத்தைக் காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வீடுகளில் குழந்தைகள் அதை எடுத்துக் குடித்துவிடுகிறார்கள். தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து சுருங்கிப் போகின்றன. அப்போது வாந்தி எடுக்க வைக்கவோ எலுமிச்சைச் சாறு கொடுக்கவோ கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

'காஸ்டிக்' என்ற சொல்லும் 'எரிக்கும்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் பாக்கெட்டைப் பிரிக்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்? தமிழில் எழுதினால் அர்த்தம் புரிந்துவிடும் என்பதுதான் அந்த நண்பரின் கவலை. என் கட்சியும் அதுதான்.

விற்பனை கொஞ்சம் குறையலாம். ஒரு குழந்தையின் தொண்டை தப்பும்.