ஐந்து மாதச் சம்பளத்துக்கு ஒரு கார்டு

போன வாரம் நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அக்காவிடமிருந்து நான்கு முறை அழைப்பு. பதறிப்போய்த் திருப்பி அழைத்தேன்.

“உன் பிள்ளைகிட்ட நீயே பேசு. கம்ப்யூட்டருக்குள்ள போடுற ஒரு கார்டு, பத்தாயிரம் வெள்ளிக்கு மேலயாம்! சேமநிதியில மூணாவது கணக்கையும் துடைச்சு எடுக்கப் போறேன்னு நிக்கிறான்.”

அக்கா மகனுக்கு 24 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். வார இறுதியில் கல்யாண மண்டபங்களின் எல்இடி திரைக்கு அனிமேஷன் வீடியோ செய்து கொடுப்பான். மிச்ச நேரமெல்லாம் கேம். அவன் கண் வைத்திருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090.

உடனே “வேண்டாம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பள்ளியில் படித்தபோது அம்மா கூட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் கணினி வாங்கித் தந்தார். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது?” என்று சிரித்த சொந்தக்காரர்கள் உண்டு. ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட நான் கற்றது அந்தக் கணினியில்தான். இன்று சோறு போடுவது அந்தப் பழக்கம். அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 30-ல் விற்பனைக்கு வந்தபோது, வீட்டுக் கணினிக்கான கார்டுகளில் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. உள்ளே இருக்கும் சில்லில் 9,200 கோடி டிரான்சிஸ்டர்கள். 32 ஜிபி நினைவகம். முந்தைய 4090-ல் இருந்தது 24 ஜிபி. பெரிய 4கே திரையில் கனமான கேம்களும் தடங்கலின்றி ஓடும். முப்பரிமாண அனிமேஷன் செய்பவர்களுக்கும், ஏஐ மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் அந்த 32 ஜிபி பெரிய வரம். இதை வைத்துச் சம்பாதிப்பவருக்கு மிச்சமாகும் நேரமே பணம்.

இனி மறுபக்கம். அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 8,800 ரிங்கிட். நம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் கணக்குப் போட்டால் ஐந்து மாதத்துக்கும் மேல். கடைக்கு வரும்போது அதுவும் கூடிவிடுகிறது. 4090-ன் விலை 1,599 டாலர். அதாவது விலை 25 விழுக்காடு ஏறியிருக்கிறது. மின்சாரத் தேவையும் 450 வாட்டிலிருந்து 575 வாட்டுக்கு ஏறியிருக்கிறது. 4கே-யில் வேகம் கூடியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கூடக் கொடுத்த காசுக்குக் கூடக் கிடைத்தது, அவ்வளவே.

575 வாட் என்றால்? ஒரு ரைஸ் குக்கரை அறையில் ஓயாமல் ஓடவிட்டது போல. அத்தனையும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஏர்கோன் இல்லாத அறையை நினைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் தினமும் நான்கு மணி நேரம் ஓடினால், மாதத்துக்கு இந்தக் கார்டுக்கு மட்டும் 69 யூனிட். பவர் சப்ளை 1,000 வாட் வேண்டும் என்கிறது நிறுவனம். 2022-ல் 4090 வந்தபோது, மின் இணைப்பு உருகிய சம்பவங்கள் உலகெங்கும் செய்தியாயின. பிளக்கை முழுதாக உள்ளே தள்ளாததே பொதுவான காரணம் என்றது என்விடியா. பிறகு இணைப்பின் வடிவமைப்பைத் திருத்தினார்கள். ஆனாலும் வயரை ஒட்டி மடிக்காமல், பிளக்கை இறுதிவரை அழுத்திப் பொருத்துவது நல்லது.

விளம்பரத்தில் வரும் எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கார்டு உண்மையில் வரைந்த ஒரு படத்துக்கு, ஏஐ பல படங்களைத் தானே செய்து இடையில் செருகுகிறது. கண்ணுக்கு வழுவழுப்பு கூடும். ஆனால் நாம் பட்டனைத் தட்டியதும் கேம் அசையும் வேகம் கூடாது. கதை சொல்லும் கேமுக்கு அருமை. சுடும் போட்டிக்கு அவ்வளவு பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்து உட்காரவைத்தேன்.

“ஐயா, உன் மானிட்டர் என்ன?”

“24 இன்ச். 1080பி, சித்தி.”

“அதிகம் விளையாடுறது?”

“வேலோரன்ட்.”

சொன்னவுடனே அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் திரையில், அந்த கேமில், 5090 பெரும்பாலும் பிராசஸருக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

“அப்ப கல்யாண வீடியோ?” என்று பிடித்தான். நியாயமான கேள்வி. அவனுடைய 8 ஜிபி கார்டு அடிக்கடி நிரம்பிவிடுகிறது. “செய்ததிலேயே பெரிய வேலையை நண்பனின் கணினியில் ஓட்டி, எவ்வளவு நினைவகம் பிடிக்கிறதென்று எழுதிக்கொண்டு வா” என்றேன். வியாழக்கிழமை வந்தான். 11 ஜிபி.

16 ஜிபி கொண்ட 5070 டிஐ இருக்கிறது. அறிவித்த விலை 749 டாலர், மின்சாரம் 300 வாட். அதை வாங்கி, மிச்சத்தில் நல்ல மானிட்டர் ஒன்றும் வாங்கலாம். சேமநிதியில் கை வைக்க வேண்டாம். 16 ஜிபி போதவில்லை என்று சொல்லுமளவுக்கு வேலை வரும் நாளில், அந்த வேலையே அடுத்த கார்டுக்குக் காசு தரட்டும்.

அம்மா வாங்கித் தந்த கணினியும் அன்று கடையில் இருந்ததிலேயே உசத்தியானது இல்லை. எனக்குத் தேவையான அளவுக்கு இருந்தது.

அக்காவை அழைத்து நல்ல செய்தி சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

“அதுவும் மூவாயிரத்துக்கு மேலயா?”