சோகேசில் ரீல், கோடிப்பக்கம் கரப்பு

ரீல்ஸ் என்றதும் நமக்கு ஃபோன்தான் ஞாபகம் வரும். நான் கதைக்கப்போவது வேற ரீல். தூண்டில் தடியின் அடியில் பூட்டியிருக்கும், கைபிடியைச் சுற்றினால் நூல் உள்ளே வரும் சக்கரம். பழைய ரீல்களைத் தேடிச் சேர்த்து, துடைத்து, வீட்டு ஹோலில் கண்ணாடி அலுமாரிக்குள் லைட் போட்டு வைப்பது வெளிநாடுகளில் பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு. யூடியூபில் தேடினால், ஒரு சுவர் முழுக்க ரீல் அடுக்கி வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். பார்க்க வடிவாத்தான் இருக்கும்.

நம்மட பக்கத்திலும் ஹோலில் ஒரு சோகேஸ் இல்லாத வீடு குறைவு. உள்ளே என்ன இருக்கும் எண்டு கேட்கத் தேவையில்லை. கட்டார், சவூதி போய் வந்தவர் கொண்டுவந்த கண்ணாடிக் கோப்பை செட், வெறும் சென்ட் போத்தல், பிள்ளைகள் வாங்கின கப், கரடிப் பொம்மை. அந்த வரிசையில் ஒரு வெளிநாட்டு ரீலும் ஏறினால் ஆச்சரியமில்லை. அதே வீட்டில் கரப்பு எங்கே கிடக்கும்? கோடிப்பக்கம், விறகுக்கு மேலே. அத்தாங்கு? குசினிக் கூரையில் சொருகிக் கிடக்கும்.

ரீல் வைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற ஒரு வீட்டில், ரீலுக்குப் பக்கத்தில் தங்கூசி சுற்றின போத்தலும், கரப்பும், வலையூசியும், அவற்றின் பெயரோடும் பாவித்த ஆளின் பெயரோடும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டு அழகை நினைத்துச் சொல்லவில்லை. எந்தத் தொழிலை முன்ஹோலில் வைக்கலாம், எதைக் கோடிப்பக்கம் ஒளிக்க வேண்டும் என்று நாம் பழகி வைத்திருக்கிற பழக்கத்தை நினைத்துச் சொல்கிறேன்.

முதலில் ரீலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அது நல்ல பொறி. 1195 அளவில் சீன ஓவியர் மா யுவான் வரைந்த ஒரு படத்தில், தோணியில் தனியாக இருக்கிற ஒருவரின் தூண்டில் தடியில் சின்னச் சக்கரம் ஒன்று தெரியும். ரீல் தெரிகிற மிகப் பழைய படங்களில் அது ஒன்று. பிறகு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பக்கம் மரத்திலும் பித்தளையிலும் ரீல் செய்தார்கள். 1872இல் அல்ன்விக் என்ற சின்ன ஊரில் தொடங்கிய ஹார்டி கம்பனியின் ரீல்களைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் தேடித் திரிகிறார்கள். அந்த ஊரில் அவற்றுக்கென்றே ஒரு காட்சியகமும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1932இல் தொடங்கியது பென் கம்பனி. இவையெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ரீல் எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, எந்த மாடல் என்று சொல்லலாம். பெயர் இருப்பதால் மதிப்பு, மதிப்பு இருப்பதால் பாதுகாப்பு.

இதற்குள் நம்மட கதையோடு நேராகப் பொருந்துகிற ஒரு விசயம் இருக்கிறது. பழைய ரீல்களில் தூண்டிலை வீசும்போது நூல் சுற்றியிருக்கிற உருளையும் சேர்ந்து சுழலும். உருளை வேகமாகச் சுழன்று, நூல் அந்த வேகத்துக்குப் போகாவிட்டால் எல்லாம் சிக்கிவிடும். பாரம் குறைந்த இரையைத் தூரம் எறிய ஏலாது. 1905இல் அல்பிரட் இல்லிங்வேர்த் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வழி செய்து காப்புரிமை வாங்கினார். உருளையைச் சுழல விடாமல் அப்படியே நிறுத்தி, நூல் அதன் விளிம்பு வழியாக வழுகிப் போகும்படி வைத்தார். இன்று கடையில் வாங்குகிற சாதாரண ஸ்பின்னிங் ரீலுக்கு அடிப்படை இதுதான்.

இப்போது பின்னேரம் ஒருக்கால் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போய்ப் பாருங்க. 1924இல் திறந்த, லேடி மன்னிங் பாலம் என்கிற அதே பாலம். தடியும் இல்லை, ரீலும் இல்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். அதில் தங்கூசி சுற்றியிருக்கும். ஒரு கையில் போத்தலைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்து, மறு கையால் ஈயத்தைச் சுழற்றி விடுவார்கள். போத்தல் சுழலாது. நூல் போத்தலின் நுனி வழியாக வழுகிப் போகும். இல்லிங்வேர்த் காப்புரிமை வாங்கிய அதே விதி, எந்தக் காப்புரிமையும் இல்லாமல், ஒரு வெறும் போத்தலில் நடக்கிறது.

போத்தல் ரீலைவிடத் திறம் என்று நான் சொல்ல வரவில்லை. இழுக்கும்போது ரீலுக்குள் இருக்கிற பற்சக்கரம் நிறைய வேலை செய்யும். போத்தல்காரர் முழ முழமாகக் கையால் இழுத்துத் திரும்பச் சுற்ற வேண்டும். பெரிய மீன் ஓடினால் ரீலில் பிரேக் இருக்கிறது. போத்தலில் விரல்தான் பிரேக். அந்த விரலில் தங்கூசி வெட்டின தழும்பும் இருக்கும். ஆனால் இரையைத் தொட்டது நண்டா, கொடுவாவா, சும்மா நீரோட்டமா என்று நூலைப் பிடித்திருக்கிற விரல் சொல்லும். அது ஒரு அறிவு. ரீலுக்குள் இருக்கிற அறிவு இரும்பில் இருக்கிறதால் பட்டறை மூடினாலும் அது மிஞ்சும். போத்தலுக்குள் இருக்கிற அறிவு ஆளின் கையில் இருக்கிறது. ஆள் போனால் நமக்கு மிஞ்சுவது வெறும் போத்தல்.

அப்படியானால் அந்தப் போத்தல் ஏன் சோகேசில் ஏறுவதில்லை? மலிவு என்பதால் என்று சொல்லலாம். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் மீன் மணம். மீன் விற்ற காசில் படித்து வந்த வீடுகளிலேயே, வருகிற சம்பந்தக்காரரின் கண்ணில் வலை படக்கூடாது என்று எடுத்து ஒளிக்கிற வழக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "உனக்கு மீன் மணக்குது" எண்டு சொன்னால் அது பகிடி இல்லை, எந்தத் தெரு, எந்த ஆக்கள் எண்டு காட்டுகிற சொல். அதே வலையைக் கழுவி, காயவைத்து, ஹோட்டல் சுவரில் மஞ்சள் லைட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் அது 'வின்டேஜ்'. உடைந்த தோணிக்குள் பூக்கன்று நட்டால் அது 'எஸ்தெடிக்'. பொருள் ஒன்றுதான். தொழில்காரர் பக்கத்தில் நிற்கிறாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஆள் போன பிறகு பொருளுக்கு மரியாதை கொடுக்கிற இந்த ரசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்மட மாவட்டத்துக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கு. பழைய பொருள் சேர்க்க முதலில் பழைய பொருள் மிஞ்ச வேண்டும். தாத்தாவின் ரீல் பேரனுக்கு வருவதற்கு, அந்த வீடு ஐம்பது அறுபது வருசம் அதே இடத்தில் நிற்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990இல் உடுத்த உடுப்போடு ஓடின குடும்பங்கள் எத்தனை. 2004 டிசம்பர் 26 சுனாமி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நாவலடியையும், கல்லடி, டச்பார் பக்கத்தையும் அடித்துக்கொண்டு போனது. தோணி, வலை, தூண்டில் எல்லாமே கரையில் இருந்த பொருட்கள். நிவாரணமாக வந்தது புது நைலோன் வலையும் ஃபைபர் வள்ளமும். ஆகவே நம்மட ஊரில் பழசு என்பது நூறு வருசப் பித்தளையாக இருக்கத் தேவையில்லை. சுனாமிக்கு முந்தின ஒரு வலையூசி கிடைத்தாலே அது பழசுதான்.

நைலோன் வந்தபோதும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதற்கு முன் வலை பருத்தி நூலிலும் சணலிலும் இருந்தது. உக்காமல் இருக்க மரப்பட்டை அவித்த சாயத்தில் தோய்ப்பார்கள், அடிக்கடி காயவைப்பார்கள். நைலோனுக்கு அந்த வேலை இல்லை. நல்லதுதான், உழைப்புக் குறைந்தது. ஆனால் எந்தப் பட்டை, எவ்வளவு நேரம் அவிப்பது என்ற விசயம் வயதானவர்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேட்க ஆள் இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

மியூசியம் எதுக்கு இருக்கு எண்டு கேட்பீங்க. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. அந்த ஊர் மக்களின் பழைய வாழ்க்கையை ஆளுயரச் சிலைகளோடு காட்டுகிறார்கள். போகாதவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்க, ஒரு ஊர் தன் வாழ்க்கையைக் காட்சிக்கு வைக்கத் தகுந்தது என்று நினைத்ததே பெரிய விசயம். ஆனால் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவியின் இரண்டு கரையிலும் எத்தனை ஊர். ஊருக்கு ஊர் கூடு வேற, வலைக் கண் வேற, பெயர் வேற. பெண்கள் அத்தாங்கு போட்டு இறால் பிடிக்கிற ஊரின் கதையும், ஆண்கள் இரவில் வீச்சுவலையோடு போகிற ஊரின் கதையும் ஒன்றில்லை. எல்லாவற்றையும் ஒரு கட்டிடத்துக்குள் அடக்க ஏலாது. வீடுகள்தான் அதைச் செய்யலாம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. மீன் குறையுது, வாவி ஓரம் நிரப்பப்படுது, கண்டல் வெட்டுப்படுது, பிளாஸ்டிக் மிதக்குது. இதற்குள்ளே நீ அலுமாரி அலங்காரம் கதைக்கிறியா? உண்மைதான். அலுமாரியில் கரப்பு வைத்தால் வாவியில் மீன் கூடாது. ஆனால் வாவியை நிரப்பாதே என்று சொல்ல, அந்த வாவியால் வாழ்ந்தோம் என்று வெட்கமில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். சொந்த வீட்டுக் கரப்பையே ஒளிக்கிற ஒருவர், கரையை யாரோ மண் போட்டு மூடும்போது எதைச் சொல்லி மறிப்பார்?

இதே காரணத்துக்காகத்தான் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையின் ஒரு துண்டையும் வைக்கலாம் என்று சொல்கிறேன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, அறுந்து விழுந்தாலும் உக்காது, ஆளில்லாமலே மீனைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்று எழுதி வைத்தால், தடை ஏன் வந்தது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நல்ல பொருளை மட்டும் காட்டினால் அது விளம்பரமாகிவிடும்.

செய்ய நினைக்கிறவர்களுக்குச் சில நடைமுறை விசயங்கள். வாவிக்கரைக் காற்றில் உப்பு இருக்கு. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கொட்டும். ரீல் என்றாலும் ஈயம், கொளுக்கி என்றாலும் முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நிழலில் முழுசாகக் காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். பிறகு தையல் மெசின் ஒயில் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகக் கெட்டுப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். ரீலின் பிரேக்கைத் தளர்த்தி வையுங்க, இறுக்கி வைத்தால் உள்ளே இருக்கிற தட்டுகள் அமுங்கிக் கெட்டுவிடும். நைலோனையும் தங்கூசியையும் நேர் வெயிலில் வைத்தால் உடைந்து போகும். கரப்பு, பறி போன்ற பிரம்பு, கம்புச் சாமான்களுக்கு மாரிக்காலம்தான் எதிரி; பூஞ்சணம் பிடிக்கும், கறையானும் வரும். சுவரில் முட்டாமல், காற்றுப் படும்படி தொங்கவிடுவது நல்லது. கொளுக்கி நுனியில் ஒரு தக்கையைக் குத்திவிடுங்க, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்.

பராமரிப்பைவிட முக்கியம் துண்டுக் காகிதம். ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து வரி போதும். அந்த ஊரில் அதற்குச் சொல்கிற பெயர், செய்தவர், பாவித்தவர், எந்தத் தண்ணியில் எந்த மீனுக்கு, எப்ப நிறுத்தினார்கள், ஏன். முடிந்தால் அவர் அதைப் பிடித்துக் காட்டும்போது ஃபோனில் ஒரு வீடியோ. அந்த இரண்டு நிமிச வீடியோ இல்லாமல் கரப்பு வெறும் கூடைதான்.

கடைசியாக ஒன்று. பாவனையில் இருக்கிற பொருளைக் கேட்டு வாங்காதீங்க. தொழிலுக்குப் போகிறவரின் வலை அவரிடம்தான் இருக்க வேண்டும். பழசு என்றாலும் சும்மா தாங்க எண்டு கேட்கிறது அழகில்லை, உரிய விலை கொடுங்க. தர விருப்பமில்லை என்றால் படம் எடுத்து, பெயரை எழுதிக்கொண்டு வாங்க, அதுவும் சேகரிப்புத்தான்.

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது சோகேசில் ஒரு தட்டைக் காலி செய்து பாருங்க. சென்ட் போத்தல்கள் கொஞ்சம் நெருக்கி நிற்கட்டும். பிறகு வீட்டிலேயோ அயலிலேயோ இருக்கிற வயதான ஒருவரிடம் போய், "இதுக்கு என்ன பேர் சொல்லுவீங்க, எப்படிப் பிடிக்கிற?" எண்டு கேளுங்க. அவர் முதலில் சிரிப்பார், இதெல்லாம் உனக்கு எதுக்கு என்பார். விடாமல் திரும்பக் கேளுங்க.