கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

சீனாவுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று ஐரோப்பா போட்ட தடை எவ்வளவு நீளம் தெரியுமா? ஒரே ஒரு வரி!

1989 ஜூன் தொடக்கத்தில் தியானன்மென் போராட்டத்தை ஒடுக்க பெய்ஜிங் தெருக்களில் ராணுவம் மக்களைச் சுட்டது. அந்த மாதக் கடைசியில் மாட்ரிட்டில் கூடிய ஐரோப்பியத் தலைவர்களின் அறிக்கையில் இருக்கிறது அந்த வரி. எது ஆயுதம், எது இல்லை என்று பட்டியல் கிடையாது. அவரவர் வசதிக்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லிக்கொண்டார்கள். சீனக் கடற்படையின் சோங் ரக நீர்மூழ்கிகளில் இருப்பது ஜெர்மனியின் எம்டியு டீசல் எஞ்சின். கேட்டால், எஞ்சின் ஆயுதம் இல்லையாம், சிவில் வேலைக்கும் பயன்படுமாம். நீர்மூழ்கியில் என்ன சிவில் வேலை?

2004-ல் பிரான்ஸ் அதிபர் சிராக்கும் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரும் அந்த ஒரு வரியையும் அழிக்கப் பார்த்தார்கள். தடை சீனாவை அவமதிக்கிறதாம். ஆனால் தடையை எடுத்தாலும் ஆயுத விற்பனை கூடாதாம். விற்கப் போவதில்லை என்றால் கடையை எதற்குத் திறக்க வேண்டும்? ஏர்பஸ் விமானங்களை வாங்கும் பெரிய வாடிக்கையாளர் சீனா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும்.

அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. தைவான் பக்கம் சண்டை வந்தால் ஐரோப்பியத் தொழில்நுட்பம் தன் வீரர்கள் மீதே பாயும் என்ற பயம். அதற்குள், 2005 மார்ச் 14 அன்று, தைவான் பிரிந்தால் அமைதியற்ற வழிகளையும் கையாளலாம் என்று சீனாவே சட்டம் போட்டது. திட்டம் கிடப்பில் போனது. தடையைக் காப்பாற்றியதில் ஐரோப்பாவின் மனசாட்சியைவிட பெய்ஜிங்கின் அவசரத்துக்குத்தான் பங்கு அதிகம்.

"நாம் விற்காவிட்டால் ரஷ்யா விற்கும்" என்பார்கள். உண்மைதான், விற்றது. ஆனால் 2017-ல் தாய்லாந்து சீனாவிடம் ஆர்டர் செய்த நீர்மூழ்கியின் கதையைப் பாருங்கள். அதற்கு அதே எம்டியு எஞ்சினைத் தர ஜெர்மனி மறுத்தது. காரணம், அதே 1989 தடை! திட்டம் வருஷக்கணக்கில் இழுத்தது. ஆக, மறுத்தால் வலிக்கிறது. சீனாவின் சொந்த நீர்மூழ்கிக்குக் கொடுத்த கை, தாய்லாந்துக்குக் கட்டியதற்கு மட்டும் மறுத்தது ஏன்?

தடை இன்றும் இருக்கிறது, அதே ஒற்றை வரியாக. அதைப் பட்டியலோடு கூடிய சட்டமாக்கி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தட்டும். இல்லையேல், மனித உரிமை என்று பேசுவதையாவது நிறுத்தட்டும். பில்லில் கையெழுத்துப் போடுவது விற்பவரும் வாங்குபவரும். விலை கொடுக்கப் போவது அந்த பில்லையே பார்க்காத தைவான் மக்கள்.