முதற் படகு

விடுமுறை நெருங்கும் காலத்தில், "சேர், மாதிரிக் கப்பல் ஒன்று செய்யப் போறன், எதைச் செய்யலாம்?" என்று கேட்டுக்கொண்டு நம்மிடம் வரும் மாணவர் ஆண்டுதோறும் இருவர் மூவராயினும் உளர். வருபவர் கையில் ஒரு படமும் இருக்கும். மூன்று பாய்மரங்களும், விரிந்த பாய்களும், சிலந்தி வலைபோற் பின்னிய கயிறுகளும் கொண்ட பெருங் கப்பல் ஒன்று அப்படத்திலே காட்சியளிக்கும். "இது வேண்டாம், தம்பி" என்று நாம் கூறும்போது அவர் முகம் வாடுவதைக் காண்கிறோம். ஆயினும் கூறாமல் விடுவதில்லை. அதன் காரணத்தை விளக்குவதற்கு முன்னர் நமது பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாந் தரத்திற் பயின்ற மாணவன் ஒருவன் 'அன்னபூரணி'யைச் செய்ய விரும்பினான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, வில்லியம் ரொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பெற்று, நம்மூர் மாலுமிகளுடன் 1937ஆம் ஆண்டிற் புறப்பட்டு, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த இரு பாய்மரக் கப்பல் அது. அதன் கதையை வகுப்பிற் சொல்லியவர் நாமே. ஆதலின் மாணவன் கேட்டதும் நமக்கு உள்ளம் பூரித்தது. "நல்ல எண்ணம்; அதையே செய்" என்று முதுகில் தட்டி அனுப்பினோம். ஏராவையும் வங்குகளையும் எவ்வாறு பொருத்துவது, பலகையை எவ்வாறு வளைப்பது என்பனவற்றை அவன் அறிவானோ என்று கேட்கவில்லை.

ஏழு மாதம் கழிந்தது. முதல் இரண்டு மாதமும் நாள்தோறும் வந்து செய்தி சொன்னவன் பின்னர் வாரத்துக்கு ஒருமுறை வந்தான். அதன் பின்னர் நம்மைக் கண்டால் மறு பக்கத்துப் படியால் இறங்கிச் செல்லத் தொடங்கினான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவன் தாயார் சொன்னார்: "சேர், இவன் இப்ப எந்த வேலையைச் செய்யச் சொன்னாலும், தன்ரை கைக்கு ஒண்டும் வராது எண்டு சொல்லுறான்." அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கப்பல் முடியாமற் போனது பெரிய காரியமன்று. பதின்மூன்று வயதிலே ஒருவன் தன் கையைப் பற்றி இவ்வாறு ஒரு முடிவுக்கு வருதல் பெரிய காரியம். அம்முடிவுக்கு அவனைக் கொண்டுசென்றது நமது பாராட்டேயாம்.

அவன் செய்ததை வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தோம். உடல் ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. அணியத்தருகே பலகைகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு மேலெழும்பி நின்றன. அவன் சோம்பலாற் கெட்ட வேலையன்று அது. தெரிவினாற் கெட்ட வேலை.

முதன்முதலாகச் செய்பவனுக்குப் பெருங் கப்பல் ஏன் ஆகாது? காரணங்கள் மூன்று.

முதலாவது, உருண்ட உடல். கப்பலின் பக்கம் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் ஒருங்கே வளைகின்றது. அத்தகைய வளைவின்மீது நேராக அறுத்த பலகை படியாது. ஒவ்வொரு பலகையையும் அதற்குரிய தனி வடிவில் வெட்டுதல் வேண்டும். பூசணிக்காயின்மீது நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்ட முயன்று பார்ப்பவர்கள் இதன் கடினத்தை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்வர்.

இரண்டாவது, அளவின் சிறுமை. ஓர் அடியைக் கால் அங்குலமாகக் குறுக்கினால், 89 அடி நீளமான அன்னபூரணி 22¼ அங்குலமாகும். மேசைக்கு ஏற்ற அளவுதான். ஆனால், அதே கணக்கில் 6 அங்குலக் கப்பி ஒன்று அரைக்கால் அங்குலமாகிவிடும். அரைக்கால் அங்குல மரத்துண்டிலே துளையிட்டு, நூல் கோத்து, அதுபோல் இன்னும் பல செய்தல் பழகிய கைக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை.

மூன்றாவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல். 1765ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பெற்ற 'விக்ரறி' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை மாதிரி செய்வோர் உலகெங்கும் உளர். அது 104 பீரங்கிகளைத் தாங்கிய கப்பல். முதற் பீரங்கியைச் செய்யும்போது மகிழ்ச்சியாக இருக்கும், பத்தாவதிற் பழக்கமாகும், நாற்பதாவதில் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைகளிலே பெட்டியாக விற்கப்படும் மாதிரிகளை வாங்குவோரும் இதை மனத்திற் கொள்க. பெட்டியின் மேலுள்ள படம் கைதேர்ந்தவர் ஒருவர் முடித்துவைத்த கப்பலின் படம். உள்ளே இருப்பவை மரக்கீற்றுகளும் நூலுமே. படத்தைப் பார்த்து வாங்காது, உறுப்புகளின் பட்டியலைப் பார்த்து வாங்குதல் அறிவுடைமை.

அவ்வாறாயின் முதற் படகு எதுவாக இருத்தல் வேண்டும்? நாம் சொல்லும் விடை, தட்டையான அடியையுடைய சிறு துடுப்புப் படகு என்பதே. அவற்றுள்ளும் 'டோரி' என்னும் படகை நாம் விரும்பிக் கூறுவோம். அன்னபூரணி சென்றடைந்த அதே குளொஸ்ரர் துறைமுகத்தின் மீனவர்கள் கையாண்ட படகு அது. பெரிய பாய்க்கப்பல்களின் தளத்திலே, குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்குவதுபோல் டோரிகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுசெல்வர். மீன் மிகுந்த இடத்தை அடைந்ததும் அவற்றைக் கடலில் இறக்குவர். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இருவர் சென்று தூண்டில் இடுவர்.

சிறு படகு என்று இதனை இகழ்தல் வேண்டாம். 1876ஆம் ஆண்டில் அல்பிரட் ஜோன்சன் என்னும் குளொஸ்ரர் மீனவர், 20 அடி நீளமான டோரி ஒன்றுக்குப் பாய் கட்டி, தன்னந்தனியராய் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வேல்ஸ் நாட்டின் கரையை அடைந்தார்.

டோரி தொடக்கக்காரருக்கு ஏற்றதாவது எவ்வாறெனில், அதன் அடி ஒரே தட்டை. பக்கங்கள் வெளிநோக்கிச் சாய்ந்து நிற்பன. உருண்டு திரள்வன அல்ல. பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு அகன்ற பலகைகளே போதும். பாய்மரமும் கயிறும் இல்லை. ஆயினும் ஏனைய படகுகளிற் கற்க வேண்டியவை யாவும் சிறிய அளவில் இதனுள்ளே உண்டு. 18 அடி நீளமான டோரியை, ஓர் அடிக்கு அரை அங்குலமாகக் குறுக்கினால் 9 அங்குலமும், ஓர் அடிக்கு ஓர் அங்குலமாகக் குறுக்கினால் 18 அங்குலமும் ஆகும். பழகாத விரலுக்குப் பெரியதே எளிது. இடமுள்ளவர் இரண்டாவதைத் தேர்க.

செய்யும் முறையையும் சுருக்கமாகக் கூறுவோம். முதலில் முழுப் படகையும் மட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். மட்டையிற் செய்த பிழைக்குச் செலவில்லை. பின்னர் நேரான பலகை ஒன்றின் நடுவே கோடு கீறி, வங்குகளை அக்கோட்டின்மீது தலைகீழாக நிறுத்துங்கள். படகைக் கவிழ்த்துவைத்துக் கட்டினால் அடியை ஒட்டுவதும் பக்கத்தை வளைப்பதும் இலகுவாகும். பக்கப் பலகையை வெட்டுமுன் ஒரு கடதாசியை வங்குகளின்மீது வைத்து, தையற்காரர் அளவெடுப்பதுபோல் விளிம்பைக் கீறிக்கொள்ளுங்கள். கடதாசியை மேசையில் விரித்தால் விளிம்பு வளைந்திருப்பதைக் கண்டு வியப்பீர்கள். பலகையின் உண்மையான வடிவம் அதுவே. நம் மாணவன் அறியாதிருந்த இரகசியமும் அதுவே.

மெல்லிய பலகையை வெந்நீரில் ஊறவைத்து, வங்குகளின்மேல் வளைத்து, உடுப்புக் காயவிடும் கிளிப்புகளாற் பிடித்து, உலரவிட்ட பின்னர் ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி ஒட்டுதல் வேண்டும். ஒரு பக்கத்தை முற்றாக முடித்துவிட்டு மறு பக்கத்துக்குச் சென்றால், பலகையின் இழுவையினால் உடல் திருகிப்போம். எல்லாம் உலர்ந்ததும் அரத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசுங்கள். கூரிய கத்தி ஒன்று, அடிமட்டம், பென்சில், மரப்பசை, கிளிப்புகள் ஆகியனவே கருவிகள். கத்தி எடுக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் நன்று.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்குக் கட்டுமரமே போதும். ஆங்கிலேயர் தம் மொழிக்கு எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல் அது. வேலியில் நிற்கும் முள்முருங்கையின் காய்ந்த கொம்பு இலேசானது, கத்திக்கு இசைவது. அதிற் சில துண்டுகளைச் சீவி, கயிற்றினால் இறுக்கிக் கட்டினால் மிதக்கும். கடற்கரையை அண்டி வாழ்வோர், பழைய மர வள்ளம் ஒன்று கரையிற் கிடப்பின், உரியவரிடம் கேட்டு நாடாவினால் அளந்து வரலாம். இன்று கண்ணாடியிழைப் படகுகள் மலிந்துவிட்டன. மர வள்ளத்தின் அளவுகளைக் குறித்துவைப்பதே ஒரு பயனுள்ள பணியாகும்.

டோரியை முடித்தவர் அடுத்து ஒற்றைப் பாய்மரப் படகுக்குச் செல்லலாம். அதன்பின் உருண்ட உடலுக்கும், அதன்பின் இரு பாய்மரத்துக்கும் செல்லலாம். அகலக்கால் வையாது ஒவ்வொரு படியாக ஏறுவோர் கையிற் பெருங் கப்பலும் ஒருநாள் முடியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை செய்யும் படகு கோணலாக இருப்பின் அதை நீங்கள் நிமிர்த்திக் கொடுக்க வேண்டாம். வீட்டில் ஒரு மூலையும், வேலையைக் குழப்பாமல் இரவு விட்டுவைக்க ஒரு பலகையும் கொடுத்தால் அதுவே பேருதவி. "பெரிதாகச் செய்" என்று தூண்டவும் வேண்டாம். "முடித்துக் காட்டு" என்று சொல்லுங்கள்.

அந்த மாணவனோடு நாமும் அமர்ந்து டோரி ஒன்று செய்தோம். அவன் ஒன்றும் நாம் ஒன்றுமாகத் தொடங்கினோம். நான்கு வாரத்தில் அவனுடையது முடிந்தது. நம்முடையது அதற்குப் பின்னரே முடிந்தது. சட்டிக்குள் நீர் நிரப்பி மிதக்கவிட்டபோது அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வழக்கமான படியாலேயே ஏறி வந்தான். அப்படகு இன்று அவன் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றது.

பாதியில் நின்ற அன்னபூரணி நம் புத்தக அலுமாரியின்மேல் இருக்கின்றது. அதை எடுத்துச் செல் என்று நாம் அவனை வற்புறுத்தியதில்லை. சென்ற மாதம் வேறு காரியமாக வீட்டுக்கு வந்தவன், கதிரையில் ஏறி அதை இறக்கி, தூசி தட்டி, அணியத்தருகே எழும்பி நின்ற பலகை ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"நேர்ப் பலகை வெட்டினதுதான் பிழை, சேர்" என்றான்.

பின்னர் ஒரு கடதாசித் துண்டு கேட்டான்.