'விட்டிட்டு வா' எண்டு சொல்லுறதுக்கு முதல்

போன மாதம் கன்ரீனில் ஒரு வாக்குவாதம். எங்களோட படிக்கிற ஒருத்தியின் அக்காவைப் பற்றிய கதை. கலியாணம் கட்டி நாலு வருஷம், அடி உதை. "ஏன் இன்னும் அந்தாளோட இருக்கிறா? உடுப்பை எடுத்துக்கொண்டு வெளிய வர வேண்டியதுதானே" எண்டு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். நான், "வர முதல் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லு" என்றேன். அதுக்குப் பிறகு நான்தான் அந்த மேசையின் பழமைவாதி. நானும் மூத்தவைபோல 'குடும்பம் உடையக் கூடாது' எண்டு சொல்லுறதா நினைச்சிட்டினம்.

அப்பிடியில்லை. அவ வெளிய வரத்தான் வேணும். ஆனால் எங்கட தலைமுறைக்கு 'வெளியே வா' என்பது ஒரு ஸ்ரேற்றஸ். அதுக்குப் பிறகு நடக்கிற ஏழு வருஷக் கதை ஆருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். சித்தியின் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் இருந்தவள் நான். உயர்தரம் படிக்கிற காலத்தில், ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சித்தி 2017இல் நாலு வயசுப் பிள்ளையோட வீட்டை விட்டு வந்தா. முதலில் பார்த்த சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, "அவர் என்ன செய்தவர்?" என்பதல்ல. "வீட்டை விட்டு வெளியேறினது ஆர்?" என்பதுதான்.

ஏன் அந்தக் கேள்வி? எங்களில் பெரும்பாலானோரின் திருமணம் 1907ஆம் ஆண்டின் பொதுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. அதில் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றுதான். சோரம் போனது. வன்மமாகக் கைவிட்டுச் சென்றது. திருமணத்தின்போதே இருந்த, குணமாக்க முடியாத உடலுறவு இயலாமை. அடிச்சது அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. குடிச்சது இல்லை. பத்து வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததும் இல்லை.

அப்ப அடி வாங்கினவ என்ன செய்யிறது? தன் நடத்தையால் மற்றவரை வெளியேற வைத்தவர்தான் உண்மையில் கைவிட்டவர் என்று வாதாட சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேணும். பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு, சாட்சி சொல்ல ஒரு அயலவர். சித்தியிடம் ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரியில் 'படியில விழுந்திட்டன்' எண்டுதான் எழுதுவிச்சிருந்தா. ஆதாரம் இல்லாமல் வெளியேறினால், 'என்னைக் கைவிட்டுப் போனவள் இவள்' என்று அவரே வழக்குப் போடலாம். போடப்போவதாகச் சொல்லியும் விட்டார்.

இதைத்தான் அண்டைக்கு அந்த மேசையில் சொல்ல வெளிக்கிட்டேன்.

சரி, ரெண்டு பேருமே பிரிய விரும்பினால்? அங்கதான் இந்தச் சட்டத்தின் உண்மையான கேவலம் இருக்கிறது. 'நாங்கள் மனமொத்துப் பிரிகிறோம்' என்பது இந்தப் பொதுச் சட்டத்தில் ஒரு காரணமே அல்ல. சொல்லப்போனால், இருவரும் கூடிப் பேசி வழக்குப் போட்டார்கள் என்று தெரிந்தால் வழக்கே தள்ளுபடியாகலாம். ஏழு வருஷம் பிரிந்து வாழ்ந்தால் போதுமா என்ற கேள்விக்கும், அது மட்டும் போதாது, குற்றம் காட்ட வேணும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. ஆகவே நாடு முழுக்க ஒரு நாடகம் நடக்கிறது. ஒருவர் வழக்காளி ஆகிறார். மற்றவர் எதிராளியாகி வாய் மூடி நிற்கிறார். கைவிடாதவர் கைவிட்டதாகச் சத்தியம் செய்து சாட்சியம் சொல்லப்படுகிறது. சட்டத்தரணிக்குத் தெரியும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குத் தெரியும், வராந்தாவில் கச்சான் விக்கிற ஆச்சிக்கும் தெரியும்.

இதே தீவில் 1952ஆம் ஆண்டின் கண்டியத் திருமண, விவாகரத்துச் சட்டம் மனமொத்த விவாகரத்தை அனுமதிக்கிறது. அதுவும் நீதிமன்றம் இல்லாமல், மாவட்டப் பதிவாளரிடம். அதனால் கண்டியில் குடும்பங்கள் எல்லாம் சிதறிப்போச்சா? 'விவாகரத்தை இலகுவாக்கினால் கலாசாரம் அழியும்' எண்டு மேடையில பேசுறவை இந்தக் கேள்விக்கு ஒருக்காப் பதில் சொல்லட்டும்.

குற்றம் நிரூபிக்க வேண்டிய சட்டம் நாடகத்தோட நிக்காது. அது ஒரு சந்தையைத் திறக்கிறது. எதிர்க்காமல் இருக்கிறதுக்கு விலை பேசலாம். 'தாபரிப்புக் கேக்காதை, வழக்கை விட்டுத்தாறன்.' 'காணியில அரைவாசியை எழுது, கையெழுத்து வைக்கிறன்.' சித்திக்கு வந்தது முதலாவது பேரம். பிள்ளைக்கான தாபரிப்பை 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம், விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை எங்கட சட்டத்தரணி முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாவது தவணையில், நான் எங்கேயோ வாசித்துவிட்டுக் கேட்ட பிறகுதான், "ஓமோம், அதுவும் செய்யலாம்" என்றார். ஒவ்வொரு தவணைக்கும் காசு. தவணை மாறினாலும் காசு. எல்லாச் சட்டத்தரணியும் இப்படியில்லை. பிறகு மாறிப்போன இடத்தில் இருந்த அம்மா, பேப்பரைத் திருப்பி வைத்து வரி வரியாக விளங்கப்படுத்தினா. ஆனால் நல்லவர் கிடைக்கிறது லொத்தர் மாதிரி இருக்கக் கூடாது. வருமானம் குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு எண்டதைக்கூட எங்களுக்குச் சொன்னது பக்கத்து வாங்கிலில் இருந்த வேறொரு வழக்குக்காரி.

இனி, யாழ்ப்பாணத்துப் பெருமை. தேசவழமை பெண்ணுக்குச் சொத்துரிமை தருகிறது எண்டு எங்கட ஆக்கள் மார்தட்டுவினம். உண்மை, சீதனக் காணி சித்தியின் பெயரில்தான். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவனுக்கு அப்படி ஒரு விதியில்லை. வழக்குச் செலவுக்கு ரெண்டு பரப்பு விக்கலாம் எண்டு போனால், நொத்தாரிசு கேட்டது ஆற்ற கையெழுத்தை? அடிச்சவரின் கையெழுத்தை. கணவன் கைவிட்டிருந்தாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம். அதுக்கு இன்னொரு மனு. இன்னொரு தவணை. சித்தி காப்பை அடகு வைச்சா.

2019இல் போட்ட வழக்கு, கொரோனாவையும் தாண்டி, முதற் தீர்ப்பு வந்து, அது இறுதியாகக் கட்டாயம் காத்திருக்க வேண்டிய மூன்று மாதமும் போய், 2022இல் முடிந்தது. அடுத்த வருஷம் சித்தி மறுமணம் செய்தா. ஊர் கதைச்சது, விடுங்கோ.

புதுச் சித்தப்பா பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுக்க விரும்பினார். மகவேற்பு என்றால் அநாதை இல்லத்தில் குழந்தை எடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் இதுக்கும்தான். இங்கே திரும்பவும் அதே ஆள் கதவில் நிக்கிறார். பெற்ற தகப்பனின் சம்மதம் வேணும். பிள்ளையைக் கைவிட்டிருந்தாலோ, ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே கட்டளையிடலாம். ஆனால் கைவிட்டார் என்பதை ஆர் நிரூபிக்கிறது? விளங்குதுதானே. ஏழு வருஷத்தில் ஒரு பிறந்தநாளுக்கும் வராதவர், சம்மதம் கேட்டுக் கடிதம் போனதும் 'என்ர ரத்தம்' எண்டு பதில் போட்டார்.

மகவேற்பில் கவனமான பரிசோதனை வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. எண்பதுகளில் இந்த நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் பலரின் கடதாசிகள் பொய் என்று பிறகு தெரிய வந்தது. அந்த மாதிரி முறைகேடுகளுக்காகத்தான் நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. தாய் தகப்பனின் சம்மதத்தைச் சட்டம் இறுக்கிப் பிடிக்கிறதுக்கு நியாயம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. பிள்ளையைப் பார்க்காதவரின் சம்மதத்துக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கிற சட்டம், சேர்ந்து வாழ முடியாத இரண்டு வளர்ந்தவர்களின் சம்மதத்துக்கு ஏன் ஒரு சதம் மதிப்பும் கொடுக்கவில்லை?

கன்ரீனில் தலையாட்டினவர்களுக்கு ஒரு விஷயம். அந்த அக்காவிடம் இப்ப போய்ச் சொல்லுங்கோ: அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் 'படியில விழுந்திட்டன்' எண்டு சொல்ல வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தை எழுதி வைக்கட்டும். காணி உறுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு எல்லாத்தையும் படம் எடுத்து வேற ஆளிட்டைக் குடுக்கட்டும். சட்டத்தரணியிடம் போனால் கட்டணத்தை முதலே கேட்கட்டும், தவணை மாறினால் எவ்வளவு எண்டும் கேட்கட்டும். உயிருக்கு ஆபத்தெண்டால் இது ஒண்டுக்கும் காத்திருக்காமல் அண்டைக்கே வெளிக்கிடட்டும்.

எங்கட மகவேற்பு வழக்கு இன்னும் முடியவில்லை. பத்து வயசைத் தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் நீதிமன்றம் பெற வேண்டும். தங்கச்சிக்கு இப்ப பதினொண்டு. "ஜட்ஜ் என்னட்டை என்ன கேப்பார் அக்கா?" எண்டு கேட்டாள். "உனக்கு விருப்பமா எண்டு கேப்பார்" என்றேன். "அம்மாட்டை ஏன் அப்பிடி ஒருக்காலும் கேக்கேல்லை?" என்றாள். அடுத்த தவணை வாற மாதம். அண்டைக்கு எனக்கு ஒரு ரியூட்டோரியல் இருக்கு, வர மாட்டன்.